கேம் விமர்சனம் எழுதிப் பழகுபவருக்குக் கருத்துச் சொல்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

"அண்ணா, ஒரு ரிவ்யூ எழுதியிருக்கேன், படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க." இப்படி ஒரு செய்தியும் கூடவே மூன்று பக்கமும் வாட்ஸாப்பில் வந்து விழும். அனுப்பியவர் நீல டிக் வந்துவிட்டதா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் "சூப்பர்டா" என்று போட்டாலும் சரி, "இன்னும் நல்லா எழுதணும்" என்று போட்டாலும் சரி, அவர் கைக்கு ஒன்றும் போய்ச் சேருவதில்லை. முதல் பதிலில் எதை அப்படியே வைத்துக்கொள்வது என்று தெரியாது, இரண்டாவதில் எதை மாற்றுவது என்று தெரியாது.

குன்னூரில் பெட்போர்டு பக்கம் ஒரு டீக்கடையில் ஞாயிறு மதியம் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். அரவங்காட்டிலிருந்து ஒரு தங்கை, கோத்தகிரியிலிருந்து இரண்டு தம்பிகள், வெலிங்டன்காரர் ஒருவர், தொலைவு காரணமாகப் போனிலேயே கலந்துகொள்ளும் கூடலூர்ப் பையன் ஒருவன். எல்லாரும் கேம் ஆடுகிறவர்கள், ஆடியதைப் பற்றித் தமிழில் எழுத ஆசைப்படுகிறவர்கள். அவர்கள் எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்லிச் சொல்லி நான் கற்றுக்கொண்டதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். மொபைல் கேமோ, பிசியோ, கன்சோலோ, எதைப் பற்றிய விமர்சனமானாலும் இது பொருந்தும்.

முதலில் ஒன்று, மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. என் பெரியப்பா குன்னூரில் டீ டேஸ்டராக இருந்தவர். வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பேக்டரியின் சாம்பிள். கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போய்விடுவார். "நல்லாயில்லை" என்று அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. "இலை சரியா வாடலை", "நொதிக்க விட்டது அதிகமாயிடுச்சு, டீ சப்புனு இருக்கு", "டிரையர்ல சூடு ஏறிடுச்சு, தீஞ்ச வாடை வருது", "புகை வாடை அடிக்குது, ஹீட்டர்ல எங்கேயோ ஓட்டை, பாருங்க" என்பார். கொழுந்து வாடி, அரைபட்டு, நொதித்து, காய்ந்து தூளாகும் வரை எந்தக் கட்டத்தில் கெட்டது என்று சொல்லிவிட்டால் பேக்டரிக்காரர் நேராக அந்த இடத்துக்குப் போய்ச் சரிசெய்துவிடுவார். விமர்சனத்துக்கும் கட்டங்கள் உண்டு: ஆடுவது, குறித்துவைப்பது, ஒரு முடிவுக்கு வருவது, எழுதுவது, சரிபார்ப்பது. குறை எந்தக் கட்டத்தில் வந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் நம் வேலை.

படி 1: படிக்கும் முன் மூன்று கேள்வி

எதில், எவ்வளவு நேரம் ஆடினாய்? யாருக்காக எழுதினாய்? என்னிடமிருந்து என்ன வேண்டும்?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதேயில்லை. இன்னும் பத்து நிமிடத்தில் போடப்போகிறேன், தப்பு ஏதாவது இருந்தால் மட்டும் சொல்லுங்கள் என்பவரிடம் போய் அமைப்பையே மாற்று என்று சொன்னால் அவருக்குப் பதற்றம்தான் மிஞ்சும். இதுதான் முதல் தடவை எழுதுகிறேன், தொடர்ந்து எழுதலாமா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு எழுத்துப்பிழைப் பட்டியல் போனால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுவார். "யாருக்காக" என்ற கேள்வியும் முக்கியம். கிளாஸில் கூட உட்காரும் நண்பனுக்கு எழுதியதா, கேமே ஆடாத அக்காவுக்கு எழுதியதா என்று தெரியாமல் "இதை விளக்கணும்", "இது தேவையில்லை" என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

படி 2: இரண்டு தடவை படியுங்கள்

முதல் தடவை ஒன்றும் குறிக்காமல், ஒரு வாசகராக, முடியும் வரை. முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இந்த கேமைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்தால் விமர்சனத்துக்கு முதுகெலும்பு இருக்கிறது. வரவில்லையென்றால் அதுதான் நீங்கள் சொல்லவேண்டிய முதல் விஷயம், மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது தடவை குறித்துக்கொண்டே போங்கள். எங்கே கண் தாவியது, எங்கே திரும்ப மேலே போய்ப் படிக்கவேண்டி வந்தது, எங்கே "அட, இதை ஆடிப் பார்க்கலாமே" என்று தோன்றியது. காரணம் இப்போது வேண்டாம், இடம் மட்டும் போதும்.

படி 3: உங்கள் ரசனையைத் தள்ளி வையுங்கள்

இதில் நானே தவறியிருக்கிறேன். புனேயில் ஒரு சின்ன ஸ்டுடியோ செய்து 2020-இல் வெளிவந்த ராஜி எனக்கு மிகவும் பிடித்த கேம். ராஜஸ்தானத்துக் கோட்டையும் நம் புராணமும் கலந்த அந்த உலகத்துக்காகவே நான் அதைக் கொண்டாடினேன். எங்கள் குழுவில் ஒரு தங்கை, பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் சண்டை ஒரே மாதிரி வந்து சலித்துவிட்டது என்று எழுதினாள். நான் அவளுக்கு அனுப்பிய பதிலில் முக்கால்வாசி கேமுக்கு வக்காலத்து. அவள் எழுத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அது கருத்துச் சொன்னதாகாது, வாதம் பண்ணியதுதான். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு விதமாகத் திரும்பப் படித்தேன்.

இப்படி உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இவர் தந்திருக்கும் காரணங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இவர் முடிவு நிற்கிறதா? நிற்கிறதென்றால் அந்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் விமர்சனம் சரி. நிற்கவில்லையென்றால், உங்களுக்குப் பிடித்த முடிவாகவே இருந்தாலும், அதைச் சொல்லியாக வேண்டும். இந்த இரண்டாவதுதான் கஷ்டம், நமக்குப் பிடித்த கேமை யாராவது காரணமே சொல்லாமல் புகழ்ந்தாலும் நாம் தலையாட்டிவிடுகிறோம்.

அந்த கேமை நீங்கள் ஆடியதேயில்லையா? தயங்க வேண்டாம், சொல்லிவிட்டுப் படியுங்கள். ஆடாதவருக்குத்தான் எது புரியவில்லை என்று தெரியும்.

படி 4: குறை எந்தக் கட்டத்தில் வந்தது என்று பாருங்கள்

கோத்தகிரித் தம்பி ஒருவன், தாவித் தாவி மலையேறும் செலஸ்ட் என்ற கேமைப் பற்றி எழுதிய முதல் விமர்சனத்தின் பெரும்பகுதி இப்படித்தான் இருந்தது: "கிராபிக்ஸ் சூப்பர். மியூசிக் வேற லெவல். கேம்ப்ளே செம கஷ்டம் ஆனா செம. கண்டிப்பா ஆடுங்க. 9/10."

இதைப் பார்த்ததும் "விரிவா எழுது" என்று சொல்லத்தான் வாய் வரும். சொன்னால் என்ன நடக்கும்? அதே "செம"வை மூன்று வரிக்கு இழுத்து எழுதிக்கொண்டு வருவான். அவன் எழுதிய விதத்தில் குறையில்லை, அதற்கு இரண்டு கட்டம் முன்னாலேயே, ஆடும்போது எதையும் குறித்துவைக்காததில்தான் குறை. அதனால் அவனிடம் நான் கேட்டதெல்லாம் நினைவைக் கிளறும் கேள்விகள். எந்த இடத்தில் அதிக நேரம் மாட்டிக்கொண்டாய்? அத்தியாயம் முடிந்ததும் எத்தனை தடவை செத்தாய் என்று அந்த கேமே காட்டுமே, அந்த எண்ணைப் பார்த்தபோது என்ன தோன்றியது? கடுப்பில் மூடி வைத்தாயா, மறுபடி எப்போது திறந்தாய்? அவன் யோசித்துவிட்டு, எதிர்க்காற்று தள்ளும் அந்த அத்தியாயத்தைச் சொன்னான். காற்று ஓயும் நொடிக்காகக் காத்திருந்து தாவவேண்டும் என்று புரிவதற்குள் ஒரு சாயங்காலமே போய்விட்டதாம், புரிந்த பிறகு அந்தக் காற்றே பிடித்துப்போய்விட்டதாம். "இதை எழுதுடா" என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. "செம கஷ்டம் ஆனா செம" என்ற வரிக்குள் இத்தனையும் இருந்திருக்கிறது, வெளியே வரத்தான் வழி கிடைக்கவில்லை.

பெயரடை மட்டும் குவிந்திருந்தால் குறை குறிப்பெடுப்பதில். இதுதான் அதிகம் வருவது. அடுத்த கேம் ஆடும்போது போனிலேயே நேரத்தோடு நாலு வார்த்தை போட்டு வைக்கச் சொல்லுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் போதும்.

தொடக்கம் பற்றி ஏராளமாகவும் பிற்பகுதி பற்றி ஒன்றுமில்லாமலும் இருந்தால் குறை ஆடுவதில்: முடிக்கவில்லை. முடிக்காமல் எழுதக் கூடாது என்று சட்டமில்லை. நாற்பது மணி நேர கேமை எல்லாரும் முடிப்பதில்லை, சலித்து விட்டுவிட்டேன் என்பதே வாசகருக்குப் பயனுள்ள தகவல். ஆனால் எங்கே நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன் என்று எழுதவேண்டும். பிசி கேம் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் ஒவ்வொரு விமர்சனத்தின் மேலும் எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்று காட்டுவதை உதாரணமாகக் காட்டுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

முழுக்கக் கதையையே சொல்லிக்கொண்டு போனால் குறை முடிவுக்கு வருவதில். என்ன நடந்தது என்று தெரியும், தனக்கு என்ன ஆனது என்று இன்னும் யோசிக்கவில்லை. அரவங்காட்டுத் தங்கை வெண்பா என்ற கேமைப் பற்றி எழுதியது அப்படித்தான் இருந்தது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, 2023-இல் வந்தது, ஒரு மதியத்திலேயே முடித்துவிடலாம். அவ்வளவு சின்ன கேமின் கதையை வரிக்கு வரி சொல்லிவிட்டால் படிப்பவர் ஆடுவதற்கு என்ன மிச்சம்? ஆனால் "கதையைச் சொல்லாதே" என்றால் அவள் கையில் ஒன்றுமே இருக்காது. அதனால் வேறு விதமாகக் கேட்டேன்: இந்தக் கதையை யாராவது வாயால் சொல்லிக் கேட்டிருந்தால் உனக்கு இதே உணர்வு வந்திருக்குமா, ஆடியதால் என்ன கூடுதலாகக் கிடைத்தது? அன்று அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியை அவளிடமே விட்டுவிட்டேன். பதில் வந்த கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

எல்லாமே இருக்கிறது, ஆனால் இசை, சண்டை, திரும்ப இசை, விலை, கதை, திரும்பச் சண்டை என்று அலைகிறது என்றால் குறை எழுதுவதில். இது லேசாகச் சரிசெய்யக்கூடியது. பத்திகளுக்கு எண் போட்டு "3-ஐயும் 6-ஐயும் சேர்த்துப் பாரேன்" என்றால் போதும்.

படி 5: விவரங்களைச் சரிபாருங்கள்

ரசனையில் கைவைக்காதீர்கள் என்றேன், விவரத்தில் தாராளமாகக் கை வையுங்கள். எந்தக் கருவி, எந்த மாதம், எந்த அப்டேட்டுக்குப் பிறகு என்பது இல்லாத விமர்சனம் பாதி விமர்சனம்தான். சைபர்பங்க் 2077-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் வந்தபோது நல்ல பிசி வைத்திருந்தவர் ஒரு கேமை ஆடினார், சோனியின் பழைய பிஎஸ்4 கன்சோலில் ஆடியவர் வேறொரு கேமை ஆடினார் என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இருந்தது. சோனி அதே மாதம் அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டு 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. 2016-இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கையும் அப்படித்தான், வந்த அன்று ஆடியவர் எழுதியதும் பல அப்டேட்டுகளுக்குப் பிறகு ஆடியவர் எழுதியதும் ஒத்துப்போகாது. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. தேதி போட்டிருந்தால் குழப்பமே வந்திருக்காது.

எங்கள் மலையில் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கவேண்டியிருக்கிறது. ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட் போய், டவரும் படுத்து, சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும்போது ஆன்லைன் கேம் ஆடினால் யார் வேண்டுமானாலும் தோற்பார்கள். கூடலூர்ப் பையன் அங்கே ஆடி மாதத்து மழையில் இதே நிலையில் ஆடிவிட்டு, "சர்வர் படுமோசம், சுட்டால் குண்டு போகவே மாட்டேங்குது" என்று ஒரு பத்தி எழுதியிருந்தான். கோபம் உண்மையானது, குற்றவாளி வேறு. "பிங், அதாவது நெட் தாமதம், எவ்வளவு காட்டியது? மழையில்லாத நாளில் ஆடிப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டேன். அவன் மேடான ஒரு நண்பன் வீட்டுக்குப் போய் பிராட்பேண்டில் ஆடிப் பார்த்துவிட்டு அந்தப் பத்தியை மாற்றினான். சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் இந்த கேம் எப்படி நடக்கிறது என்ற பத்தியாக அது ஆனது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள பத்தி வேறு இல்லை. பெங்களூரில் உட்கார்ந்து எழுதுகிறவரால் அதை எழுதவே முடியாது. இப்படி ஒரு குறைக்குள்ளே இவரால் மட்டுமே எழுத முடிகிற ஏதோ ஒன்று ஒளிந்திருக்கலாம், அதை அவருக்கு எடுத்துக் காட்டுங்கள்.

"ரொம்பக் கஷ்டம்" என்று குறை சொல்லும் இடத்திலும் ஒரு விவரம் பாருங்கள். செலஸ்டில் உதவி மோட் ஒன்று உண்டு, வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலே ஆடலாம். அதைப் பற்றி எழுதாமல் கஷ்டம் என்று மட்டும் எழுதினால் வாசகர் கேமையே தொடமாட்டார்.

படி 6: மார்க்

ஜப்பானில் பேமிட்சு பத்திரிகை நாலு பேரிடம் கொடுத்து ஆளுக்குப் பத்து, மொத்தம் நாற்பது என்று மார்க் போடும். ஸ்டீமில் கட்டைவிரல் மேலே அல்லது கீழே, அவ்வளவுதான். எந்த முறையானாலும் நீங்கள் கேட்கவேண்டியது ஒன்றே: அந்த ஒரு மார்க் எந்த வரியில் போனது? 9/10 என்றால் போன 1 எங்கே என்று விமர்சனத்துக்குள் விரல் வைத்துக் காட்ட முடியவேண்டும். முடியாவிட்டால் மார்க்கைக் குறைக்கச் சொல்லாதீர்கள், அந்த வரியை எழுதச் சொல்லுங்கள்.

படி 7: மொழி, கடைசியில், கொஞ்சமாக

பாஸ் பைட், லெவல், லோடிங், லூட் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஆடுகிறவர்கள் பேசுவது அதைத்தான். அதற்குத் தமிழ் தேடித் தேடி எழுதவைத்தால் எழுத வந்த விஷயமே மறந்துபோகும். "செம", "மாஸ்", "வேற லெவல்" இவற்றை மட்டும் எண்ணிச் சொல்லுங்கள், "ஒரே பக்கத்தில் பதினொரு செம இருக்கு" என்றால் அவர்களே குறைத்துக்கொள்வார்கள்.

எழுத்துப்பிழையில் திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு வகையைச் சொல்லிக்கொடுங்கள், மற்றதை அடுத்த தடவைக்கு வையுங்கள். எங்கள் பக்கம் வீட்டில் படுகு பேசுகிறவர்கள் உண்டு, கூடலூர்ப் பக்கம் மலையாளமும் கன்னடமும் பேசுகிறவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் மட்டும் படித்த தமிழில் ஒரு பையன் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வருகிறான் என்றால் அந்தத் தமிழைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது, சிரித்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதேயில்லை.

படி 8: பதிலை எழுதுங்கள்

நீங்கள் குறித்ததெல்லாம் பதினைந்து இருக்கும். அதில் மூன்றை மட்டும் அனுப்புங்கள். எந்த மூன்று என்றால், முன்னால் இருக்கும் கட்டத்தில் வந்த குறைதான் முதலில். ஆடியதே போதவில்லையென்றால் பத்தி வரிசையைப் பற்றிப் பேசி என்ன பயன், அந்தப் பத்திகளே மாறப்போகின்றன.

பிடித்ததை முதலில் சொல்லுங்கள், ஆனால் இடம் காட்டிச் சொல்லுங்கள். திட்டுவதற்கு முன் தடவிக்கொடுக்கிற மாதிரிப் பாராட்டினால் "ஆனா" எப்போது வரும் என்றுதான் காத்திருப்பார்கள். அந்தத் தங்கைக்கு வெண்பா விமர்சனத்துக்காக நான் அனுப்பியதை அவள் அனுமதியோடு தருகிறேன்:

"நாலாவது பத்தியில கிழிஞ்ச சமையல் குறிப்பைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கேம்மா, அங்க நான் நின்னு ரெண்டு தடவை படிச்சேன். அதை இன்னும் சொல்ல முடியுமான்னு பாரு. ஒண்ணு, ரெண்டாவது பத்தியிலேருந்து அஞ்சு வரைக்கும் கதை மட்டும்தான் வருது, உன்னைக் காணோம். ரெண்டு, எவ்வளவு நேரம் ஆடினே, எதுல ஆடினேன்னு இல்ல. மூணு, கடைசிக் காட்சியைச் சொல்லிட்டே, இன்னும் ஆடாதவங்களுக்கு அது வேணாமோன்னு எனக்குத் தோணுது. அவசரமில்ல, அடுத்த ஞாயிறு பேசலாம்."

கவனியுங்கள், ஒரு வாக்கியத்தையும் நான் திருத்தி எழுதிக் கொடுக்கவில்லை. முன்பு ஒரு தம்பிக்கு அப்படிச் செய்தேன். அவன் எழுதியதை முழுவதுமாக மாற்றி, நல்ல தமிழில் எழுதி அனுப்பினேன். நன்றி சொன்னான். அதற்குப் பிறகு அவன் எதையும் எழுதி அனுப்பவில்லை. அது இன்றும் எனக்கு வலிக்கிற விஷயம்.

குறைகளைக் குழுவில் போடாமல் தனியாகச் சொல்லுங்கள். பாராட்டை எல்லாருக்கும் முன்னால் சொல்லலாம். முடிந்தால் நேரில் பேசுங்கள், ஒரு டீயும் வர்க்கியும் வைத்துக்கொண்டு, எழுதியதைப் பேப்பரில் வைத்து. போனில் கடுமையாகத் தெரியும் அதே வரி நேரில் சாதாரணமாகத் தெரியும்.

படி 9: திரும்பி வருவதைப் படியுங்கள்

இரண்டாவது வடிவம் வந்தால் பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாறிய இடங்களை மட்டும் பாருங்கள். போன தடவை விட்டுவைத்த பன்னிரண்டு குறைகளையும் இப்போது எடுத்து நீட்டாதீர்கள். நீங்கள் சொன்னதை அவர் ஏற்காமல் விட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள், பதிலைக் கேட்டுக்கொள்ளுங்கள், அத்தோடு விடுங்கள். அவர் பெயரில் போகிற எழுத்து அது.

அடுத்த ஞாயிறு அரவங்காட்டுத் தங்கை வந்தபோது நல்ல மூடுபனி, எதிர்க்கடை தெரியவில்லை. புது வடிவம் கிழிந்த குறிப்பிலேயே தொடங்கியது. கேமில் வரும் அந்தச் சமையல் நோட்டில் அழிந்துபோன வரிகளை ஆடுகிறவர்தான் யூகித்துச் சமைக்கவேண்டும், தானும் அம்மா சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து யூகித்துத்தான் கற்றுக்கொண்டாள், யாரும் அளவு சொல்லித் தந்ததில்லை, கதையாகக் கேட்டிருந்தால் அது தன் கைக்கு வந்திருக்காது என்று எழுதியிருந்தாள். எத்தனை மணி நேரம், எந்தக் கருவி என்பதும் இருந்தது. கடைசிக் காட்சி மட்டும் அப்படியே இருந்தது.

"அதைச் சொல்லாம நான் ஏன் அழுதேன்னு சொல்ல முடியாதுண்ணா" என்றாள்.

சரி என்றேன். அந்தப் பத்திக்கு முன்னால் "இனி கேமின் முடிவு வருகிறது, ஆடாதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்" என்று ஒரு வரி மட்டும் போட்டுவிடச் சொன்னேன். அங்கேயே பேனா வாங்கி ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.